மூன்றாம் கேள்வியில் நின்ற கீபோர்டு

இன்று மாலைக்குள் பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளை அனுப்பியாக வேண்டும். மூன்றாம் கேள்வியில் கீபோர்டு ஹேங் ஆகிவிட்டது. கே.கே. நகர் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்த புது கீபோர்டும் அங்கேயே நின்றது.

எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கணவர் சொன்னார்:

"ஏ டீச்சரு, அடிக்கிறப்பல்லாம் நல்லாத்தான் ஓடுது. அடுத்த கேள்விய யோசிக்கிறப்ப ஒன் சுண்டுவெரலு ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே கெடக்கு. அம்புட்டு நேரம் அமுக்குனா அது என்னதான் செய்யும்?"

தேடிப் பார்த்தேன். வலது ஷிஃப்டை விடாமல் அழுத்தினால், விசைகளை மெதுவாக்கும் ஒரு வசதி இயங்கிவிடுமாம். அணைத்தேன். வினாத்தாள் போய்ச் சேர்ந்தது. கீரைக் கடைசலும் அருமை.

ஆக, யோசித்து எழுதுகிறவர்களுக்குத்தான் கீபோர்டு ஹேங் ஆகும்.

இத்தனை வருடமாக இங்கே ஒரு தடவைகூட ஹேங் ஆகாமல் எழுதிவருகிறவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்.