எங்கன நின்னு கூப்பிட்டாலும்

இன்று காலை ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது கொஞ்சம் தெனாவட்டாகத்தான் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மில் ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நூலின் பருமனைக் காட்டும் கவுண்டுக்குச் சராசரி போடும். அதிலிருந்த ஒரு தப்பைத் திருத்தி, பிளாப்பியில் கொண்டுபோய் ஏற்றினேன். ஐந்து நிமிஷ வேலை.

டைப்பிஸ்ட் கோமதியக்கா புரோகிராம் பெயரை அடித்துப் பார்த்தார். "பழைய தப்பே வருதே தம்பி!"

"எந்த டைரக்டரியில நின்னு அடிக்கீங்க?" என்றேன். டைரக்டரி என்பது கம்ப்யூட்டருக்குள் கோப்புகளை வைக்கும் அறை.

"எங்கன நின்னா என்ன? முன்னால ஒன் டைரக்டரிய விட்டு வெளிய வந்தா, 'பேட் கமாண்ட்'னு திட்டும். அதான் எல்லா டைரக்டரியிலயும் ஒரு காப்பி போட்டுட்டேன். இப்ப எங்கன நின்னு கூப்பிட்டாலும் ஓடியாருது!"

எண்ணினேன். நாற்பத்தொரு காப்பி, எல்லாம் பழைய தப்போடு; நான் திருத்தியது என் டைரக்டரியில் இருந்ததை மட்டும்.

புரோகிராமை எங்கெல்லாம் தேட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பாத் வரியில் என் டைரக்டரியின் பெயரைச் சேர்த்திருந்தால் ஒன்றே போதும். சேர்க்க மறந்தவன் நான். அதனால் நானே அந்தக் காப்பிகளையெல்லாம் அழித்தேன், அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். புதுசு ஓடியது.

"இம்புட்டு லேசா? அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றவர், அடுத்ததையும் சொன்னார். "எல்லா டைரக்டரியிலயும் போடச் சொல்லி ராஜபாளையம் ஆபீஸுக்கும் பிளாப்பியில அனுப்பிட்டேனே தம்பி. அங்க ஆறு கம்ப்யூட்டர்."

நான் எழுதியதை இவ்வளவு சிரத்தையாக ஊரெல்லாம் சேர்த்தவர் வேறு யாருமில்லை.

நாளைக்கு அழிக்கப் போகிறேன். கூட யார் வாரீங்க?