சுப்பராயன் அமுக்கிப் பார்த்த இடங்கள்

கும்மிடிப்பூண்டி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த சுப்பராயனின் வலது கட்டைவிரல் அகலமாகவும் நுனி மேலே வளைந்தும் இருக்கும். ஆட்டு முதுகுகளை அமுக்கி அமுக்கி அப்படி ஆகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. பிறவியிலேயே அப்படித்தான்.

அவருடைய குடும்பத்தார் மாட்டுக்குச் சூடு வைப்பவர்கள். வயிறு உப்பினால் ஓரிடம், ஈரல் கெட்டால் ஓரிடம், மூச்சு வாங்கினால் ஓரிடம் என்று மாட்டின் உடம்பில் மொத்தம் பதினான்கு இடங்கள் அவர்களுக்குத் தெரியும். காய்ச்சிய கம்பியால் அங்கே ஒரு கோடு இழுப்பார்கள். 1961இல் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்ததும் சுப்பராயன் கம்பியை விட்டுவிட்டார். இடங்களை மறக்கவில்லை.

1973இல் டாக்டரின் மேசைமேல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை விரித்தபடி கிடந்தது. அதில் ஒரு மாட்டின் படம். உடம்பெங்கும் கோடுகள், கோடுகளின்மேல் புள்ளிகள். சீனாவில் அந்த இடங்களில் ஊசி குத்தி உள்ளுறுப்புகளுக்கு வைத்தியம் செய்கிறார்கள் என்றார் டாக்டர். சுப்பராயனுக்கு ஆங்கிலம் தெரியாது. புள்ளிகளை மட்டும் பார்த்தார். பதினான்கில் ஒன்பது ஒத்துப்போயின. கடலுக்கு அப்பால், கும்மிடிப்பூண்டி என்ற பெயரையே கேட்டிராத யாரோ ஒருவர், அதே கடைசி விலா எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து இது ஈரலுக்கு உரியது என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் கொண்டுவந்த சோற்றைச் சுப்பராயன் பிரிக்கவே இல்லை.

டாக்டர் சிரித்தார். "படத்துல புள்ளி வெக்கறது பெரிய காரியமா? உள்ள ஈரல் கெட்டிருந்தா வெளிய அந்த எடத்துல தெரியுதான்னு எவன்யா பாத்தான்?"

யாரும் பார்க்கவில்லை என்றால் பார்க்கலாமே என்று சுப்பராயனுக்குத் தோன்றியது.

உள்ளே இருப்பதைப் பார்க்க ஒரே இடம் கறிக்கடைதான். ஞாயிறு காலைகளில் பாக்கியநாதனின் கடைக்குப் பின்னால் போய் நின்றார். ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகளுக்கு ஈரலில் புழு இருக்கும். ஆகையால் நல்ல ஈரலும் கெட்ட ஈரலும் அங்கே கலந்தே கிடைத்தன. அறுப்பதற்கு முன் ஆட்டின் முதுகில் ஈரலுக்குரிய அந்த இடத்தை அமுக்குவார். ஆடு உடம்பை வளைத்து விலகினால் 'கெட்டது' என்றும், சும்மா நின்றால் 'நல்லது' என்றும் நோட்டில் எழுதுவார். பிறகு ஈரலைப் பார்ப்பார்.

"இன்னா கம்பவுண்டரே, ஆட்டுக்கு ஜோசியம் பாக்க வன்ட்டியா? இன்னும் அரை மணி நேரத்துல அதோட ஆயுசு முடியுது. அத்த நானே சொல்லுவேனே" என்பார் பாக்கியநாதன்.

முதல் இருபது ஆட்டில் பதினெட்டு சரியாக வந்தது. சுப்பராயன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். நோட்டைப் பாக்கியநாதனிடம் காட்டினார்.

பாக்கியநாதன் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அது சரி. முதுகுல கை வெக்கறதுக்கு முந்தி எதுக்கு ஒவ்வொரு ஆட்டோட கண்ணையும் பிரிச்சிப் பாக்கற?"

சூடு வைக்கும் குடும்பங்களில் அது வழக்கம். மிருகத்தின் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்த பிறகே உடம்பில் கை வைப்பார்கள். கை தானாகவே செய்துவிடும். புழு பிடித்த ஆட்டின் இமை உள்ளே வெளுத்திருக்கும். ஆக, அமுக்குவதற்கு முன்பே அவருக்குப் பதில் தெரிந்திருக்கிறது. தெரிந்த விரல் கெட்ட ஆட்டை அழுத்தியும் நல்ல ஆட்டை மெதுவாகவும் அமுக்கியிருக்கிறது.

நோட்டில் இருபது ஆட்டின் கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். ஆட்டின் முகத்தைச் சாக்கால் மூடிக் கொண்டுவரச் சொன்னார். கறிக்கடைத் தராசில் ஒரு பக்கம் இரண்டு கிலோ கல்லை வைத்து, மறு தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, கல் எழும்பும் அளவை விரலுக்குப் பழக்கினார். எல்லா ஆட்டுக்கும் அதே அழுத்தம். ஈரலுக்குரிய இடத்தில் ஒரு தடவை, அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு தடவை.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்றார் பாக்கியநாதன். ஆனாலும் சாக்கை அவரே தைத்துக் கொடுத்தார்.

அறுபது ஆடு முடிய எட்டு மாதம் ஆனது. இருபத்திரண்டு விலகின, அவற்றில் பதினாறின் ஈரல் கெட்டிருந்தது. விலகாத முப்பத்தெட்டில் ஒன்பதும் கெட்டவைதான். முன்பு வந்ததைப் போல அழகான கணக்கு இல்லை. ஆனால் ஒரு சாண் தள்ளி அமுக்கியபோது அறுபதில் நான்குதான் விலகின. உள்ளே இருட்டில் கிடக்கும் ஈரல், எலும்பையும் சதையையும் தாண்டி, தோலில் ஒரு கட்டைவிரல் அளவு இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. எல்லா ஆட்டிலும் இல்லை, சிலவற்றில். அந்தச் சிலவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதே நாட்களில் மாட்டுக்கறிக் கடையில் ஒரு கிழட்டுப் பசுவையும் பார்த்தார். திமிலுக்குப் பின்னால் தோலைக் கிள்ளினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். அந்தப் பசு தாழ்த்தவில்லை. விறைத்து நின்று முனகியது. அறுத்தபோது, மாட்டின் நான்கு வயிற்றறைகளில் நெஞ்சை ஒட்டிய தேன்கூட்டு அறையில், தீனியோடு விழுங்கிய ஓர் ஆணி குத்தி நின்றது. நோட்டில் 'ஒன்று' என்று மட்டும் எழுதி வைத்தார்.

1976 ஆடி மாதம். ரயில் பாதைக்கு மேற்கே நிலம் வைத்திருந்த கங்கம்மா தன் செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான்கு நாளாகத் தீனி எடுக்கவில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஜோடி. நாற்று விட்டாயிற்று. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். வர ஒரு வாரம் ஆகும்.

"நைனா, ஒங்க ஊட்டு வழக்கப்படி ஒரு சூடு இழுத்துடு. நீ இழுத்தா நிக்கும்னு சொல்றாங்க."

"இரு யக்கா" என்று சொல்லி, சுப்பராயன் காளையின் முகத்தில் சாக்கைப் போட்டார்.

"ஐய, அதுக்கு எதுக்குக் கண்ணாலப் பொண்ணாட்டம் முக்காடு?"

ஈரல் இடத்தை அமுக்கினார். அசைவில்லை. திமிலுக்குப் பின்னால் கிள்ளினார். காளை விறைத்தது, முனகியது. அவருடைய கை நின்றுவிட்டது. நுகத்தடி அழுத்தும் இடத்துக்குப் பக்கம் அது; நுகம் பட்ட வலியாகவும் இருக்கலாம். "ஜோடி மாட்டையும் ஓட்டிக்கினு வா" என்றார். அதே நுகத்தில் பூட்டிய மாடு வந்தது. கிள்ளியதும் முதுகை நன்றாகத் தாழ்த்தியது.

கங்கம்மாவின் நிலத்தை ஒட்டிப் புதிதாக ஒரு கம்பிப் பட்டறை வந்திருந்தது. லாரியிலிருந்து விழும் துண்டுகள் வைக்கோல் போர்வரை சிதறிக் கிடக்கும்.

"யக்கா, உள்ள கம்பி குத்தியிருக்குன்னு நெனைக்கறேன். சூடு வெச்சா ஒண்ணும் ஆவாது. மெட்ராஸ் வேப்பேரி பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போய்க் கீறி எடுக்கணும்."

"நெனைக்கறியா? தெரியுமா?"

"ஒரே ஒரு மாட்டுல பாத்திருக்கேன். அதுக்கு மேல தெரியாது."

"கீறிப் பாத்து ஒண்ணும் இல்லன்னா?"

"என்னால பதில் சொல்ல முடியாது."

அவள் காளையின் முகத்திலிருந்து சாக்கை எடுத்தாள். வெகுநேரம் அதன் நெற்றியைத் தடவினாள். "தெரியாதுன்றதத் தெரியாதுன்னு சொல்றியே. சரி, ஏத்து" என்றாள்.

வேப்பேரியில் காளையை நிற்க வைத்தபடியே மரத்துப்போகும் ஊசி போட்டு, இடது விலாவுக்குப் பின்னால் திறந்தார்கள். அங்கிருந்த டாக்டரின் கை தோள்வரை உள்ளே போயிற்று. கங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சுப்பராயன் இமைக்கவில்லை. கை வெளியே வந்தபோது அதில் நான்கு அங்குல நீளத்தில் ஒரு கம்பி, துருவேறி, ஒரு முனை கூராக இருந்தது.

"திமிலுக்குப் பின்னால கிள்ளிப் பாக்கறது எங்க புத்தகத்துலயும் இருக்கு. ஒங்களுக்கு யார் சொன்னா?" என்றார் டாக்டர்.

"கிழட்டுப் பசு ஒண்ணு சொல்லிச்சு சார்." உள்ளே கெட்டது மற்றப் புள்ளிகளில் எப்படித் தெரிகிறது என்றும் சுப்பராயன் கேட்டார். நரம்பு வழியாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. படித்தவரும் தன்னைப் போலவே 'தெரியாது' என்று சொன்னது சுப்பராயனுக்கு வியப்பாக இருந்தது. சீனாவில் ஒருவர், புத்தகம் எழுதிய ஒருவர், சூட்டுக்கோல் பிடித்த தன் முன்னோர் ஒருவர். எல்லோரும் அந்த மிருகத்தைச் சுற்றி நின்று விரல் வைத்துக் காத்திருப்பது போல அவருக்குத் தோன்றியது.

அந்த வருஷம் கங்கம்மா தன் மற்றக் காளையைப் பக்கத்து நிலத்துக்காரரின் காளையோடு ஜோடி சேர்த்து உழுதாள். கம்பியை எடுத்த நாற்பதாம் நாள் சுப்பராயன் அவள் களத்துக்குப் போனார். வைக்கோல் போரைச் சுற்றி அவள் முள்வேலி போட்டிருந்தாள். செவலை அசை போட்டுக்கொண்டு நின்றது. சாக்கைப் போட்டு, திமிலுக்குப் பின்னால் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் கிள்ளினார்.

காளை முதுகைத் தாழ்த்தியது.