லீமாவிலிருந்து வந்த இரண்டு டிஸ்க்குகள்

பால்பினா உஸ்காத்தெகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டாவது வயதில். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. மலைமேல் இருக்கும் எங்கள் முக்குபான் ஊரிலிருந்து கீழே மெரிதா நகரத்துக்கு ஷேர் கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ராமிரோ, ஒரு ஜனவரி மாதம் மூன்று பேரோடு சேர்ந்து பிழைப்புத் தேடிப் பெருவுக்குக் கிளம்பிப் போனான். அந்த வருஷம் எங்கள் ஊரில் போகாமல் இருந்தவர்களை எண்ணுவதுதான் சுலபம். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, "வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்க, பேட்டரி செத்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். எங்கள் மலையில் புருஷன் பெண்டாட்டிகூட நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள். நாயை விரட்டுவதும் அப்படித்தான்.

அவள் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தாள். பிறகு தேவாலயம் வரை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து ஊர் வரை. நானும் அதே லைனில் ஓட்டியவன். டயர் கிடைக்காமல் என் வண்டி செங்கல் மேல் ஏறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. லைனில் இருந்த ஏழு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படி நின்றுபோக, கடைசியில் ஓடிய வண்டி அவளுடையதுதான்.

அப்போதுதான், ஊரே மரியாதையாகத் தோன் என்று கூப்பிடும் அஸ்த்ருபால் பெரியவர் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அறுபத்தாறு வயது, பூண்டு பயிரிடுகிறவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மெரிதாவில் டயாலிசிஸ். கூடவே யுலெய்சி என்ற பெண், இருபத்து நாலு வயது, முடி வெட்டுகிறவள், அவளுக்கும் அதே வியாதி.

"மகளே, நீங்க வண்டிய சும்மா உறுமவிட்டுட்டு இருக்கறதா கேள்விப்பட்டேன்" என்றார் அஸ்த்ருபால். "அந்த உறுமல கொஞ்சம் மெரிதா வரைக்கும் கொண்டுபோங்களேன்."

"தோன் அஸ்த்ருபால், நான் இன்னும் இறக்கத்துல ஓட்டினதே இல்ல."

"நானும் இன்னும் செத்ததில்ல. ரெண்டு பேரும் மெதுவா பழகிக்கலாம்."

இரண்டு வருஷம் அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. விடியும்போது கிளம்புவாள். மீதி இடத்தில் என்னைப் போல் சந்தைக்குப் போகிறவர்கள் ஏறிக்கொள்வோம், பெட்ரோலுக்கு அது சரியாகப் போகும். மூவாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறுக்கு இறங்க வேண்டும். வழியெல்லாம் வளைவு. இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவாள். பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிய ராமிரோவைவிட அவள் நன்றாக ஓட்டினாள் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. எங்களுக்கு முன்னால் ஒரு உருளைக்கிழங்கு லாரி. அது ஊர்ந்துகொண்டே போனது, முந்த இடமில்லை. நாற்பது நிமிஷம் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்க வேண்டியதாயிற்று. கருகிய நாற்றம் உள்ளே வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம் என்றாள். நான்தான், "நேரமாச்சு, இவங்க முறை போயிடும், போங்க" என்றேன். அடுத்த திருப்பத்தில் ஓடை பெருகி ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்களில் பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டுகளான டிஸ்க் இரண்டும் பழுக்கக் காய்ந்தபடியே அந்தப் பனித்தண்ணீருக்குள் இறங்கின. முன்சக்கரங்களிலிருந்து ஆவி எழும்பியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் ஸ்டியரிங் கையில் உதறியது. பெடல் காலை எதிர்த்து உதைத்தது. டிஸ்க் கோணிவிட்டது.

"மகளே, இது வண்டியா, சோளம் சலிக்கற சல்லடையா?" என்றார் அஸ்த்ருபால்.

"பேசாம வாங்க. உங்கள சலிச்சா உமிதான் மிஞ்சும்" என்றாள் அவள். யுலெய்சி சிரித்தாள். அந்த வண்டிக்குள் எல்லோரும் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று.

மெரிதாவின் எல்லையில் எவுஸ்தாக்கியோ மேஸ்திரியின் லேத் பட்டறை. டிஸ்க்குகளைக் கழற்றிக்கொண்டு போனோம். கரண்ட் வருவதற்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தோம். மேஸ்திரி ஒவ்வொன்றையும் மெல்லச் சுழலவிட்டு, மேடு இருந்த இடத்தில் உளி உரசும் சத்தத்தைக் கேட்டார். இரண்டு பக்கமும் சமமாகச் சீவிக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தன.

"இன்னும் ஒருதடவை சீவலாம்மா" என்றார். "அதுக்கு மேல தாங்காது. டிஸ்க் மெலிய மெலிய சீக்கிரம் சூடேறும். சூடேறினா மறுபடி கோணும். நான் சரி பண்றதே அதக் கெடுக்கறதுதான், புரியுதா?"

"புதுசு கிடைக்காதா, மேஸ்திரி?"

"எங்க கிடைக்கும்? இந்த வண்டி வந்த வருஷம் எனக்குத் தலையில முடி இருந்தது."

அந்தச் சீவல் மூன்று மாதம் வந்தது. அடுத்தது ஒரு மாதம்கூட வரவில்லை. மூன்றாம் முறை போனபோது மேஸ்திரி அளவுக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க்கை லேத்தில் மாட்டாமலே அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல இனிமே அரேபா ரொட்டி சுடலாம். வேற ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரு நூலளவு சீவுங்க, மேஸ்திரி. ரெண்டு பேரு உயிர் இருக்கு."

"அதனாலதான்மா மாட்டேங்கறேன். இத நான் சீவி, இது ரோட்டுல பிளந்தா, நாலு பேரு உயிர் என் தலையில."

அவள் டிஸ்க்குகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். என் வண்டியின் டிஸ்க்குகள் அதற்குப் பொருந்தும் என்றுதான் அப்போது இருவரும் நினைத்தோம். ஆனால் அவற்றை முந்தின வருஷமே, என் பேரனுக்கு நிமோனியா வந்தபோது, வலேரா ஊர்க்காரன் ஒருவனுக்கு விற்றிருந்தேன். அவளுக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

முக்குபானில் தேவாலய மேட்டில்தான் போன் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ராமிரோவைக் கூப்பிட்டாள். அவன் லீமாவில் காய்கறி மண்டி ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பேசவே வராத மனுஷன் அன்றைக்கு நிறையப் பேசினான் என்று பிறகு சொன்னாள். பழைய உதிரிபாகம் விற்கும் தெருவே அங்கே இருக்கிறதாம். தேடி அனுப்புகிறேன், ஆள் ஆளாகக் கை மாறி வந்து சேர நாற்பது நாளாவது ஆகும் என்றானாம்.

அந்த நாற்பது நாளும் ஓட்டத்தான் வேண்டும். பழைய டிஸ்க்குகளையே மறுபடி மாட்டினாள். முதல் கியரிலேயே மலை முழுக்க இறங்கினாள். இரண்டு மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமாயிற்று, அந்த பிரேக்கோடு இருட்டில் கிளம்பவும் முடியாது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் முறை முடிந்து வேறு ஆட்கள் படுத்திருப்பார்கள். மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரம் மெஷின் கிடைக்கும், இல்லையென்றால் அதுவும் இல்லை. அஸ்த்ருபாலின் கால்கள் வீங்கத் தொடங்கின. செருப்பின் வாரை அறுத்து, கயிறு கட்டிப் போட்டுக்கொண்டார்.

முப்பத்தோராவது நாள், ஒரு சனிக்கிழமை. எஸ்காகுவெய் என்ற ஊரைத் தாண்டி ஒரு இடது வளைவு. பள்ளத்தில் ஆறு ஓடுவது தெரியும். பிரேக்கை மிதித்ததும் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வலது பக்க டிஸ்க் பிளந்துவிட்டது. பெடல் தரை வரை போயிற்று. பால்பினா கத்தவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து வண்டியை மலைச்சரிவில் உரசவிட்டாள். கல்லும் மண்ணும் கதவுகளில் கீறிக்கொண்டே வந்தன. முன்சக்கரம் வடிகாலில் இறங்கி வண்டி நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. யுலெய்சியின் உதடு கிழிந்திருந்தது.

பிறகு அஸ்த்ருபால் பின்சீட்டிலிருந்து அவள் தோளைத் தட்டினார்.

"நல்லா ஓட்டினீங்க, மகளே. உங்கள விட்டா இந்த ரோட்டுல இத யாரும் நிறுத்தியிருக்க மாட்டாங்க."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

வண்டியை ஒரு டிராக்டர் இழுத்துவந்து அவள் வீட்டு முன்னால் போட்டது. அன்றிலிருந்து அஸ்த்ருபாலும் யுலெய்சியும் கேரட் லாரியில் போனார்கள், லாரி இருக்கும் நாளில். லாரிக்கு டீசல் இருந்தால் கேரட் இருக்காது, கேரட் இருந்தால் டீசல் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது.

"லீமாலேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்று அஸ்த்ருபால் தினமும் கேட்டனுப்புவார். எழுந்து நடக்க முடியாத பிறகும் கேட்டனுப்பினார்.

ஐம்பத்திரண்டாவது நாள் அந்தப் பொட்டலம் வந்தது. லீமா, கீட்டோ, கூகுத்தா என்று ஐந்து பேர் கை மாறி, ஒரு குழந்தைப் போர்வையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நானும் அவளும் அவள் முற்றத்தில் பிரித்தோம். நல்ல கனம். துரு இல்லை. உள்ளே ராமிரோவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து மாட்டவும் என்று.

மாட்டிப் பார்த்தேன். போல்ட் துளைகள் ஒரு விரல்கடை தள்ளி இருந்தன. பதறாதீர்கள், துளையை மேஸ்திரி புதிதாகப் போட்டுவிடுவார் என்றேன். அடுத்த காய்கறி லாரியில் எடுத்துக்கொண்டு போனோம். மேஸ்திரி பழைய டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"துளைய விடுங்க, அது அரைமணி வேலை. நடுவுல இருக்கற குடத்தோட உயரத்தப் பாருங்க. மாட்டினா டிஸ்க் பிரேக் பேடுக்கு வெளிய நிக்கும். சக்கரம் சுத்தாது. இது வேற வருஷத்து வண்டிக்கு."

"ஆனா வண்டியோட பேப்பர்ல இருக்கற வருஷத்தச் சொல்லித்தான் அவரு வாங்கினாரு."

"பேப்பர்ல சரியாத்தான் இருக்கும். யாரோ முன்பக்கத்தையே வேற வண்டியிலேர்ந்து எடுத்து மாத்தியிருக்காங்க, அம்மா."

மாற்றியது ராமிரோதான். பத்து வருஷம் முன்னால், ஒரு பள்ளத்தில் விழுந்து முன்பக்கம் உடைந்தபோது, அவனும் நானும் சேர்ந்துதான் மாற்றினோம். அவனுக்கும் மறந்துவிட்டது. எனக்கும், மேஸ்திரி சொல்லும் வரை, மறந்துவிட்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அவள் நேராகத் தேவாலய மேட்டுக்கு ஏறினாள். நானும் போனேன். நான் அவனிடம் விஷயத்தையும் சரியான வருஷத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போனில் அவன் குரல் எனக்கே கேட்டது.

"வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சு."

"நாலு ஞாயித்துக்கிழமை சுத்தினேன் அதுக்காக. தோள்ல இருந்த வலியெல்லாம் பாக்கல. பொருந்திச்சா?"

"பொருந்திச்சு" என்றாள்.

"ஆட்டம் இல்லையே?"

"இல்ல."

"வண்டி நல்லா நிக்குதா?"

"நிக்குதுங்க."

அவன் மறுமுனையில் அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்தில் வீட்டுக்கு அவன் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. அவள் போனை மடித்து ருவானா போர்வைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்களும் ஒண்ணும் சொல்லிடாதீங்க, ஹெர்மெஸ்" என்றாள். நான் இன்றுவரை சொல்லவில்லை. சரியான வருஷத்தைச் சொல்லியிருந்தால் இன்னொரு நாற்பது நாளில் வேறு டிஸ்க் வந்திருக்குமோ என்னவோ. வந்தாலும் அஸ்த்ருபாலுக்குப் பயன் இருந்திருக்காது.

அவர் ஒன்பது நாள் கழித்து இறந்தார். அதற்கு முந்தைய பதினாறு நாளில் ஒரே ஒருமுறைதான் டயாலிசிஸ் நடந்திருந்தது. பால்பினா பாலும் உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட பீஸ்கா கஞ்சி செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவரால் விழுங்க முடியவில்லை. முட்டையை மட்டும் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். அவள் அவரிடமும் டிஸ்க் பொருந்திவிட்டது, சனிக்கிழமை போகலாம் என்று சொல்லியிருந்தாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. "இந்த முறை முன்சீட்டு எனக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

யுலெய்சி மெரிதாவுக்கே போய்விட்டாள். யாரோ தெரிந்தவர் வீட்டு வராந்தாவில் மெத்தை போட்டுத் தங்கியிருக்கிறாள். முடி வெட்டக் கை நிற்பதில்லை என்று கேள்வி.

பால்பினா இப்போது கேரட் கழுவும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். தண்ணீர் மலைமேலிருந்து நேராக வருகிறது. மதியத்துக்கு மேல் விரல்களில் உணர்ச்சி இருக்காது. ராமிரோ மாதம் ஒருமுறை பேசும்போது வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். அவள் நன்றாக இருக்கிறது என்கிறாள். ஊருக்கு வரும் பேச்சை அவன் எடுத்தால் இவளே மாற்றிவிடுகிறாள். ஒருகாலத்தில் அவன் வருவதற்காகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியவள்.

போன வாரம் மேல்முக்குபானிலிருந்து ஒரு பெண் கொட்டகைக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கச் சொல்லியிருக்கிறார்களாம். நீங்கதான் வண்டியில கூட்டிட்டுப் போவீங்கன்னு சொன்னாங்க, அக்கா என்றாள். பால்பினா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவளுக்குக் கேரட் லாரிக்காரர் பெயரையும் அவர் கிளம்பும் நேரத்தையும் சொன்னாள். டிரைவருக்குப் பின்னால் இடது ஓரத்தில் மூட்டைமேல் உட்காரவையுங்க, அங்கே காற்று குறைவு, இரண்டு போர்வை எடுத்துக்கொள்ளுங்க என்றாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு போனாள். பால்பினா தொட்டிக்குத் திரும்பினாள்.