ரெண்டு இருபது

அன்று கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தோல்பை தைக்கும் பட்டறைக்கு விடுமுறை விட்டிருந்தேன். ஆனாலும் தையல் மெஷின் முன் உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கிறது. எழுந்தால் வாசலுக்குப் போகிறது, வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிறது, டீக்கடை வரை போய் டீ குடிக்காமலே திரும்புகிறது. எனக்கு அன்று நாற்பது வயது.

என் வாப்பா இந்த வயதைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பதில், தைத்த பைகளின் மூட்டை தோளில் இருக்க, மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் படியில் நான் ஏறுவதில்லை. அடுத்த ஸ்டேஷன் சயானில் இறங்கி நடப்பேன்.

உம்மா நாற்பது என்ற எண்ணை வாயால் சொல்ல மாட்டாள். வெங்காய வண்டிக்காரர் கிலோ நாற்பது என்றால், "ரெண்டு இருவதா?" என்று கேட்பாள். நான் நாற்பதை நெருங்க நெருங்க, செம்பூருக்குச் சரக்குப் போடப் போனால்கூட போன் வரும்.

"எங்கல நிக்க?"

"கடைக்காரர்ட்ட நிக்கேன் உம்மா."

"உக்காந்து பேசு. நின்னுக்கிட்டே பேசாத."

பிறந்த நாள் கொண்டாடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. காலேஜில் படிக்கும் மகள் கேட்கவில்லை. சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். உம்மா மட்டும், "நான் எறங்க மாட்டேன். நீங்க வெட்டித் தின்னுங்க" என்று மாடியிலேயே தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்குத் தமிழ் வாயில் உண்டு, கையில் இல்லை. உம்மாவை எப்படியாவது கீழே இறக்க வேண்டும் என்று, போனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, சார்ட் பேப்பரைப் பட்டறை ஷட்டரில் ஒட்டினாள். வடைத் தட்டோடு வந்த எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாசித்தாள்.

"ஏட்டி, என்னத்த எழுதி வச்சிருக்க? ஒங்கப்பா குத்துக்கல்லு மாதிரி நிக்காவ!"

நானும் வாசித்தேன். வாப்பாவின் நாற்பதாம் நாள். அனைவரும் வருக.

"பேப்பர்ல ஜகா, எடம் இல்ல," என்றாள் மகள். "நடுவுல ஒரு வார்த்தைய விட்டுட்டேன். சலேகா நா? பரவால்லதான?"

விட்ட வார்த்தை 'பிறந்த'. எங்கள் ஆட்களுக்கு நாற்பதாம் நாள் என்றால் ஒன்றுதான். ஒருவர் இறந்து நாற்பதாவது நாள் யாசீன் ஓதி, தெருவைக் கூப்பிட்டு நெய்ச்சோறு போடுவது. வாப்பாவுக்கு இதே வாசலில் போட்டோம்.

அக்கா கிழிக்கப் போனாள். தோல் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டியிருந்தாள் மகள், பாவி. பேப்பர் வரவில்லை. அதற்குள் பக்கத்துச் சந்துப் பெரியவர் ஒருவர் பேப்பரைப் பார்த்து நின்றார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்தார்.

"கேள்விப்படவே இல்லையேப்பா. யாருக்கு?"

எனக்கு என்றா சொல்வது?

இரும்பு ஏணி கிரீச்சிட்டது. உம்மா பாதிப் படியில் நின்றிருந்தாள். எங்கள் சந்தில் எல்லாரையும்விட வேகமாகத் தமிழ் வாசிப்பவள் அவள்தான். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். அப்போதுதான் என் கால் நின்றது.

"யாருக்கும் இல்ல காக்கா," என்றாள் பெரியவரிடம். குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து சிரிப்பு வந்தது, இருமலோடு, கண்ணீரோடு. "அந்தா நிக்கான் பாருங்க, எம் மவன். அவனுக்கு நாப்பது வயசு. நாப்பது!"

"அப்பாடி, சொல்லிட்டாவ," என்றாள் அக்கா.

பெரியவர் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று விழித்தார்.

"வந்தது வந்துட்டிய, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க," என்ற உம்மா என் மனைவி பக்கம் திரும்பினாள். "ஏளா, அரிசியக் கழுவு. இப்பிடி எழுதிப் போட்டுட்டு வெறும் கேக்கு குடுத்தா தெரு சிரிக்கும்."

கேக்கையும் வெட்டினோம். நெய்ச்சோறும் ஆனது. தட்டோடு வாசலுக்கும் ஏணிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காந்து தின்னுல. ஒங்க வாப்பாவும் இப்பிடித்தான், நின்னுக்கிட்டே திம்பாரு."

உட்கார்ந்தேன். கால் மட்டும் அங்கில்லாத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெங்காய வண்டி வந்தது.

"நாப்பதா? அநியாயமா இருக்கே! முப்பத்தஞ்சுக்குத் தா!"

உம்மா போட்ட சண்டை, மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.