தையல் இல்லாத பைப்பும் தலைகீழ் காரும்

வெல்டிங் பட்டறை நடத்துகிறவனிடம் இரும்பு இருக்கும், ராடு இருக்கும், "முடியாது" என்ற வார்த்தை மட்டும் எப்போதும் ஸ்டாக் இருக்காது. வாடிக்கையாளர் முன்னால் "செஞ்சுடலாமுங்க" என்று வாயை விட்டுவிட்டு, அவர் தலை மறைந்ததும் தலையில் கை வைத்துக்கொள்ளும் என் இனத்து மக்களே, இது உங்களுக்காக. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ரேக், கட்டிங் டேபிள், தள்ளுவண்டி என்று பதினெட்டு வருஷமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் நான். போன வருஷம் ஒரு ராலி காருக்குள் ரோல் கேஜ் செய்து கொடுத்தேன். அதற்குள் பட்ட பாடு இதுதான்.

எத்தனை கிலோ?

கதிர்வேல் எங்கள் ஊர் ராயபுரத்தில் குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறார். என்னிடம் நாலைந்து ரேக் வாங்கிய பழக்கம். ஒருநாள் காலையில் பழைய சிவப்புக் கார் ஒன்றைப் பட்டறை வாசலில் புழுதி பறக்க நிறுத்தி இறங்கினார். போனில் ஒரு படம் காட்டினார். காரின் உட்புறம் முழுக்க வளைந்து வளைந்து பைப் ஓடியது. கார் உருண்டாலும் கூரை நசுங்கித் தலையில் இறங்காமல் தாங்கும் கூண்டு அது. குண்டடம் பக்கம் புதியவர்களுக்காக ராலி நடத்துகிறார்கள், தனியாகவே ஓட்டலாம், ஆனால் கூண்டு இல்லாத காரை உள்ளேயே விடமாட்டார்கள் என்றார். அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டில். கூண்டைத் தானே பார்த்து பாஸ் பண்ணும்வரை போட்டிப் பேச்சே கூடாது என்று அவர் மனைவி ஜனனி, ஹெல்மெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

நான் வழக்கமாக ரேக்குக்குக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "எத்தன கிலோ தாங்கோணுங்க?"

கதிர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "என்னோட எழுபத்தெட்டு கிலோங்ண்ணா, அப்பறம் காரோட எண்ணூறு கிலோ. எல்லாமே தலைகீழா."

தையல் இல்லாதது

ராலிக்காரர்கள் விதிமுறையில் சீம்லெஸ் பைப்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாம் ரேக்குக்குப் போடுவது தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிய பைப். நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். பலமாக அடி விழுந்தால் அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளலாம். சீம்லெஸ்ஸில் அந்தக் கோடே கிடையாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கதிருக்குப் புரிந்துவிட்டது. நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாயாகத்தானே இறங்குகிறது, அதற்கு சைடு தையல் ஏது?

புரிந்ததோடு விட்டிருக்கலாம். பைப் கடையில் போய், சட்டையைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த பனியனின் விலாப்பக்கத்தை இழுத்து இழுத்துக் காட்டி, "இந்த மாதிரிங்க, சைடுல தையலே இருக்கக் கூடாதுங்க" என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஊரே தையல் போட்டுப் பொழைக்குது, நீங்க ரெண்டு பேரு மட்டும் தையல் இல்லாதது கேட்டு வந்திருக்கறீங்க!"

உள்ளே போகாத கூண்டு

என் பட்டறையில் ராம்பிரசாத் என்று ஒரு வெல்டர். பீகாரிலிருந்து வந்து ஏழு வருஷம். இப்போது என்னைவிட அதிகமாக "ங்க" போடுவார். நாங்கள் இருவரும் காரின் உள்ளளவை எடுத்து, கதிர் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரிடம் பேட்டர்ன் அட்டை வாங்கி, வளைவுகளை அதில் வெட்டி, அதன்படி பைப்பை வளைத்தோம். அளவு துளி பிசகவில்லை. ஐந்து நாளில் பட்டறைத் தரையில் கூண்டு எழுந்து நின்றது. ஆயுத பூஜைக்குக்கூட அவ்வளவு சந்தனம் வைத்ததில்லை. மாலை போட்டு, எலுமிச்சை கட்டி, கூண்டுக்குள் நின்று ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஆறு பேர் தூக்கிக்கொண்டு காரிடம் போனோம். முன்கதவில் நுழையவில்லை. பின்கதவில் நுழையவில்லை. டிக்கி வழியாகக் குப்புறப் போட்டுத் தள்ளினோம், பாதியில் நின்றது. ரேக்கானாலும் டேபிளானாலும் பட்டறையில் முழுசாகச் செய்து வண்டியில் ஏற்றி அனுப்பியே பழகிய புத்தி. கார் என்பது கதவுள்ள பெட்டி என்பது ஆறு பேரில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மாலையைப் பிய்த்து எறிந்தேன். ராம்பிரசாத் மட்டும் கூண்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஏனுங்ண்ணா, இதைய மொதல்ல வெச்சுட்டு, அப்பறம் காரச் செஞ்சிருக்கோணுமுங்க."

போசி

கூண்டை வெட்டி உள்ளே கொண்டுபோய் மறுபடி ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வந்தது என்ன, கிரைண்டரையே கையில் எடுத்துவிட்டேன். ரேக் என்றால் யோசிக்காமல் செய்திருப்பேன். ஆனால் வெட்டி ஒட்டிய இடத்துக்குக் கீழே இருக்கப்போவது துணி மூட்டை இல்லை, கதிரின் தலை. புது பைப் வாங்கி, காருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினோம்.

தலைக்கும் பைப்புக்கும் இடைவெளி பார்க்க ஹெல்மெட் வேண்டும். அதுதான் பீரோவில் இருக்கிறதே. கதிர் சளைக்கவில்லை. சாம்பார் வாங்கப் பக்கத்து டீக்கடைக்கு நாங்கள் கொண்டுபோகும் எவர்சில்வர் போசியைக் கழுவித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஹெல்மெட் அளவுக்குத் துண்டும் சுற்றினோம். சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாயாலேயே கியர் மாற்றி, வாயாலேயே பிரேக் போட்டு, வளைவில் சாய்ந்து சாய்ந்து ஓட்டினார். டீ கொண்டுவந்த கடைக்காரம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க, போசியக் கவுத்துட்டு உக்காந்திருக்கறாரே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

சிவப்பு அம்பு

ஜனனிதான் அவர்கள் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். பனியனில் எங்கே பிசிறு, எங்கே ஓட்டை என்று கண்டால் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்டிக்கர் ஷீட்டோடு பட்டறைக்கு வந்தார். காருக்குள் புகுந்து ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கூண்டுக்கு அம்மை போட்டிருந்தது. பாதிக்கு மேல் அழகு சம்பந்தப்பட்டவை. "இங்க மேடா இருக்குது, அங்க பள்ளமா இருக்குது" என்பதற்கெல்லாம் ஒரு அம்பு. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பிறகு அவர் கூரைத் தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் இருந்த இரண்டு விரல் சந்தில் போனை நுழைத்து வீடியோ எடுத்து என்னிடம் நீட்டினார். என் சிரிப்பு நின்றது. மேல் மூட்டுகளில் முக்கால் வட்டம்தான் வெல்டிங். கூரையை ஒட்டிய பக்கம் வெல்டிங் துப்பாக்கி நுழையாது, அதனால் விட்டிருந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் விட்டேன். வெட்கமாக இருந்தது. ஜனனி சத்தம் போடவில்லை, நாலு மூட்டுக்கும் நேராகக் கூரையில் நாலு அம்பு ஒட்டினார். "உள்பக்கம் ஆருங்க பாப்பாங்கன்னுதான் எங்க டெய்லருகளும் சொல்லுவாங்கண்ணா."

ரேக்குக்கு ஒரு கேள்வி

அதற்கு ஒரு வழி இருந்தது. கூண்டின் கால்கள் நிற்கும் இடங்களில் காரின் தரையை அறுத்து, கூண்டை ஒரு ஜாண் கீழே இறக்கினோம். கூரைக்கும் பைப்புக்கும் நடுவே கை நுழைந்தது. மேல் மூட்டுகளை முழு வட்டமாகப் பற்றவைத்து, கூண்டைத் திரும்பத் தூக்கி, கால்களுக்கு அடியில் கனமான தகடு வைத்து முடித்தோம். ஜனனி மறுபடி வீடியோ எடுத்தார், ஒரு அம்புகூட ஒட்டாமல் வீட்டுக்குப் போனார். அன்று மாலை ஹெல்மெட் விடுதலையானது.

ராலி அன்று பரிசோதகர் சென்னையிலிருந்து வந்திருந்தார். குச்சியில் கட்டிய கண்ணாடியும் டார்ச்சும் கையில். நேராக அந்தச் சந்துக்குத்தான் கண்ணாடியை விட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பனியன் கம்பெனி ரேக் என்றேன். பாஸ் என்று எழுதிக்கொண்டே அவர் கேட்டது: "உங்க ஊர்ல ரேக் எல்லாம் மலையிலேர்ந்து உருட்டி விடுவீங்களா சார்?"

உருண்டது

மூன்றாவது வளைவுக்கு எதிரே இருந்த மேட்டில் நானும் ஜனனியும் ராம்பிரசாத்தும் நின்றிருந்தோம். சிவப்புக் கார் காற்றாலைகளுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு அழகாகத்தான் வந்தது. வளைவில் பின்சக்கரம் ஒதுங்கி வரப்பில் ஏறியது. ஒரு முழு உருளல், அப்புறம் பாதி. கூரை தரையில், சக்கரம் வானத்தில். ஜனனி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அவரைப் பார்த்துத்தான் நான் ஓடினேன். நாலு மூட்டு, நாலு மூட்டு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கூரைத் தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். பைப் ஒன்றுகூட வளையவில்லை. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு கதிர் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, வெட்கப்படாமல் இரண்டையும் செய்தேன். அவரை வெளியே இழுத்து நிறுத்தினோம். ஒரு கீறல் இல்லை. "அடுத்த ராலி எப்பங்க?" என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், அதுவரை அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்த ஜனனி கையை உதறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "அண்ணா, அந்தக் கூண்டக் கழட்டி எங்க ஊட்டுக்குள்ள மாட்டிக் குடுத்துருங்க, இன்னைக்கு ராத்திரி இவருக்கு அது வேண்டி வரும்."

உடைந்த வேலைக்கு உடனே போன் வரும், உடையாத வேலைக்கு இப்படி ஒரு பாராட்டு எப்போதாவது வந்தால் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் நம் தொழில்.