அலோய்ஸுக்கு மட்டும் கிழங்கு இல்லை

சனிக்கிழமை காலையில் ரொத்ரிகேஸ் சந்தையின் கிழங்கு வரிசையில் தார்ப்பாய்களை உரசிக்கொண்டு ஒரு தலை வருகிறதென்றால் அது அலோய்ஸின் தலைதான். ஆஸ்திரியாவில் ஏதோ மலையடிவாரத்து ஊர்க்காரர். லா பாஸ் நகரத்தின் தலைக்கு மேலே ஓடும் தொங்கு வண்டிகளுக்குக் கம்பிவடம் இழுக்க வந்த கூட்டத்தோடு வந்தவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவர் பராமரிப்பு வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சோப்பொகாச்சியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, தானே பொங்கித் தானே தின்று இங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று யாராவது கேட்டால், இங்கே வெயில் நன்றாக இருக்கிறது என்று மழுப்புவார். இன்ஸ்புருக்கில் இருக்கும் தங்கைக்கும் அதே பதில்தான்.

வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம் எவுசெபியா போமா.

எவுசெபியா உருளைக்கிழங்கு விற்கிறவள். அடுக்குப் பாவாடை பரப்பி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாளென்றால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டாள். தலையில் வட்டத் தொப்பி எந்த நேரமும் விழுந்துவிடும்போல் சாய்ந்திருக்கும், விழாது. அலோய்ஸ் அவளிடம் வாங்க வந்த முதல் நாளிலிருந்தே அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்தாள்.

"அதைக் கீழ வை கசெரோ. அது சூப்புல போட்டா கரைஞ்சு போயிடும். கோழி வாங்கியிருக்கேன்னியே, அதுக்கு இந்தக் கறுப்பு."

"எனக்கு வெள்ளைதான் வேணும்."

"வேணும்னு சொல்றது உன் வாயி. வயித்தைக் கேட்டியா? கறுப்பை எடு."

அலோய்ஸ் கறுப்பை எடுப்பார். கோழி அருமையாக வந்திருக்கும். அடுத்த வாரம் அதைச் சொன்னால், "நான் சொன்னா கேக்கணும். இப்படி எலும்பா நிக்கிறியே, உங்க ஊர்ல சோறே கிடையாதா?" என்று இரண்டு கை மொச்சையைக் கொசுறாக அள்ளிப் பையில் போடுவாள். வாரத்தில் மற்ற நாட்களில் அலோய்ஸிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். சனிக்கிழமை ஒருநாள்தான் திட்டு கிடைத்தது. அந்தத் திட்டுக்காகவே அவர் வெள்ளிக்கிழமை ராத்திரி சட்டையைத் தேய்த்து வைப்பார்.

அந்தச் சந்தையில் விற்கிறவளும் கசெரா, வாங்குகிறவரும் கசெரோ. ஒரே பெயரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது வியாபாரமா உறவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருத்தியிடம் ஒட்டினால் ஒட்டினதுதான். இதை அலோய்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எவுசெபியா இல்லை. ஊரில் திருவிழா என்று ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போய்விட்டாள். மூட்டைகள் நீலத் துணிக்குக் கீழே தூங்கின. அலோய்ஸ் பக்கத்துக் கடை நியேவெஸிடம் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். அதோடு விட்டிருந்தால் அக்கம்பக்கம் கண்டும் காணாததுபோல் இருந்திருக்கும். ஆனால் அலோய்ஸ் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக எவுசெபியாவிடமே சொன்னார்.

"போன வாரம் நீங்க இல்ல. நியேவெஸ்கிட்ட வாங்கினேன். அந்தக் கிழங்கும் நல்லா மாவா வெந்துச்சு."

எவுசெபியா மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்படிங்களா. ரொம்ப சந்தோஷம்ங்க."

"இன்னைக்குக் கறுப்பு ரெண்டு கிலோ குடுங்க கசெரா."

"தீந்து போச்சுங்க ஐயா."

அவள் முழங்கை ஊன்றியிருந்ததே கறுப்புக் கிழங்குக் குவியல் மேல்தான். அலோய்ஸ் அதைக் காட்டினார்.

"இது?"

"இது வித்தாச்சுங்க."

"அந்தப் பக்கம் இருக்கிறது?"

"அதுவும் வித்தாச்சு."

அலோய்ஸ் நியேவெஸின் பக்கம் திரும்பினார். அவள் இரண்டு கையையும் விரித்துவிட்டாள். "என்னைப் பாக்காதீங்கய்யா. நான் வருஷம் பூரா இவ பக்கத்துல உக்காரணும். என்கிட்டயும் தீந்து போச்சு."

வரிசைக் கடைசியில் கேரட் விற்கிறவள், கேட்காமலேயே, "கேரட்டும் இல்ல" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. எவுசெபியா மட்டும் சிரிக்கவில்லை.

வாடகை வீட்டின் சொந்தக்காரி எர்மீனியா கீழ்வீட்டில் இருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் இருமல் வரும்வரை சிரித்தாள். "அவ முகத்துக்கு நேராவா சொன்னீங்க? அலோய்ஸ் ஐயா, இது எப்படி இருக்கு தெரியுமா? இன்னொருத்தி வீட்ல விருந்து சாப்பிட்டு வந்து, பெண்டாட்டிகிட்ட ருசியைப் பத்திப் பேசற மாதிரி."

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"பொய் எதுக்கு? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே."

அலோய்ஸ் பெரிய கடைக்குப் போய் கழுவித் துடைத்து பிளாஸ்டிக் பையில் போட்ட கிழங்கு வாங்கினார். அது வேகவும் இல்லை, வேகாமலும் இல்லை. பணம் வாங்கின பெண் அவருக்கு நன்றி சொல்லி, இனிய நாள் அமையட்டும் என்று வாழ்த்தினாள். அலோய்ஸுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, தன் ஊர் வழக்கப்படி ஆப்பிளை மெல்லிய மாவில் சுருட்டிச் சுட்டு, துணியில் பொதிந்து கொண்டுபோனார். எவுசெபியா மரியாதையாக வாங்கிக்கொண்டாள். கத்தியை எடுத்து வரிசை முழுவதற்கும் வெட்டிக் கொடுத்தாள். நியேவெஸுக்குப் பெரிய துண்டு.

"நல்லா இருக்குங்க ஐயா. பட்டை கொஞ்சம் தூக்கல்."

"கிழங்கு?"

"தீந்து போச்சுங்க."

எர்மீனியாதான் கடைசியில் வழி சொன்னாள். "கார்னிவல் செவ்வாய்க்கிழமை போங்க. அன்னைக்கு அவங்கவங்க கடையை அலங்காரம் பண்ணுவாங்க. வந்தவங்களை யாரும் விரட்ட மாட்டாங்க. பீர் பாட்டிலும் காகிதச் சுருளும் எடுத்துக்கிட்டுப் போங்க. முக்கியமா, பேசாதீங்க."

செவ்வாய்க்கிழமை சந்தை அடையாளமே தெரியவில்லை. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தனக்குச் சோறு போடும் பொருளையெல்லாம் கும்பிட்டு அலங்கரிக்கிறாள். தராசுக்கு வண்ணக் காகிதச் சுருள், மூட்டைக்குச் சுருள், தள்ளுவண்டிச் சக்கரத்துக்குச் சுருள். பூவிதழும் காகிதப் பொட்டும் தூவி, பூமித்தாய்க்கென்று தரையில் பீரைத் தெளித்து, மிச்சத்தைத் தாங்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ தாரையும் முரசும் முழங்கின. எவுசெபியாவின் கடையில் பெரிய பானை நிறைய இளஞ்சோளமும் மொச்சையும் கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. அலோய்ஸ் தார்ப்பாய்க்கு வெளியே நின்று பாட்டிலை நீட்டினார்.

"வைங்க ஐயா அங்க," என்றாள் எவுசெபியா. உள்ளே வா என்று சொல்லவில்லை. அலோய்ஸ் பேசாமல் நின்றார்.

பிப்ரவரி மாதத்து மேகத்துக்குக் கொண்டாட்டம் பற்றி என்ன கவலை? மேட்டுப் பக்கத்திலிருந்து கருகருவென்று வந்து, ஆலங்கட்டியாகக் கொட்டியது. மொச்சை அளவில் ஆரம்பித்து நெல்லிக்காய் அளவுக்குப் போனது. தெருவில் இருந்தவர்களெல்லாம் கிடைத்த தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தார்கள். எவுசெபியாவின் தார்ப்பாய் பனிக்கட்டியின் பாரத்தில் வயிறு தள்ளியது. நடுவிலிருந்த யூகலிப்டஸ் கம்பு சடக்கென்று முறிந்தது. பானைக்கு மேலே எல்லாம் இறங்கப் போகிற நேரத்தில் அலோய்ஸ் ஒரே எட்டில் உள்ளே வந்து, இரண்டு கையாலும் தார்ப்பாயைத் தாங்கிப் பிடித்தார்.

அவர் தலையும் கையும் சேர்ந்தால் பழைய கம்பைவிட ஒரு சாண் உயரம். தார்ப்பாய் முன்னைவிட அழகாக நின்றது. அடியில் எவுசெபியா, நியேவெஸ், கேரட்காரி, யாரென்றே தெரியாத இரண்டு தாரைக்காரர்கள், ஒரு நாய்.

"கையை இறக்கிடாதீங்க," என்றாள் நியேவெஸ். "இறக்கினா எல்லாரும் குளிச்சிடுவோம்."

எவுசெபியா இடுப்பில் கைவைத்து அலோய்ஸை மேலும் கீழும் பார்த்தாள். தப்பித்து ஓட முடியாத நிலையில் ஒரு மனிதன் கையில் கிடைத்தால் விடுகிறவள் இல்லை அவள்.

"எங்க, இப்ப சொல்லுங்க. யார் கிழங்கு நல்ல கிழங்கு?"

தாரைக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்தினார்கள். நியேவெஸ் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அலோய்ஸுக்கு முழங்கை வழியாகச் சட்டைக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பேசாதீங்க என்று எர்மீனியா சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"நியேவெஸோட கிழங்கு நல்ல கிழங்குதான்," என்றார். "ஆனா அவங்க நான் கேட்டதைக் குடுத்துட்டாங்க. இதை எடுக்காத, அதை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுக்குப் போய் சமைச்சேன், சாப்பிட்டேன். யாரும் திட்டலையேன்னு இருந்துச்சு."

கேரட்காரிதான் முதலில் சிரித்தாள். "இந்த ஆளு கிழங்கு வாங்க வரலடி எவுசெபியா. ஏச்சு வாங்க வர்றான்."

"எனக்கு அவ்வளவு வாய் கிடையாதும்மா," என்றாள் நியேவெஸ். "திருப்பி எடுத்துக்க உன் கசெரோவை. எனக்குக் கட்டுபடியாகாது."

எவுசெபியா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். தொப்பி குலுங்கியது. பிறகு சிரிப்பு அவளையும் மீறி வந்துவிட்டது. பானையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, ஊதி, தோலுரித்து, அரைத்த மிளகாயில் தோய்த்து அவர் வாயில் திணித்தாள்.

"மெல்லு. இடது கையைத் தூக்கு, அங்க தண்ணி நிக்குது பாரு. கம்பிவடம் கட்டுறவனாம், ஒரு தார்ப்பாயை நேராப் பிடிக்கத் தெரியல. சூடா இருக்கா?"

சூடு நாக்கைச் சுட்டது. மிளகாய் கண்ணில் நீரை வரவழைத்தது. அலோய்ஸ் தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டாத, தார்ப்பாய் ஆடுது."

அலங்காரம் பாதியில் நின்றது எவுசெபியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். தராசுக்கு ஆகிவிட்டது, மூட்டைகளுக்கு ஆகிவிட்டது, அடுப்புக்குக்கூட ஒரு சுற்று ஆகிவிட்டது.

"கம்புக்கு?" என்றாள் நியேவெஸ்.

எவுசெபியா பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் ஏறினாள். அப்போதுதான் அவர் கழுத்தைச் சுற்றிக் கை எட்டியது. மஞ்சளில் ஒரு சுற்று, ஊதாவில் ஒரு சுற்று, சிவப்பில் ஒரு சுற்று. காகிதப் பொட்டை ஒரு கை நிறைய அள்ளித் தலையில் தேய்த்தாள். இறங்கி, அவர் கொண்டுவந்த பீரைத் திறந்து, முதலில் மண்ணுக்கும் பிறகு அவர் செருப்பு மேலும் தெளித்தாள். தாரைக்காரர்கள் எடுத்து ஊத ஆரம்பித்தார்கள். நாய் குரைத்தது.

வெளியே ஆலங்கட்டி நின்று, நனைந்த தெருவில் வெயில் அடித்தது. கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அலோய்ஸும் கேட்கவில்லை.