பன்னிரண்டு பெயர்களில் முதல் பெயர்

வெர்னெட்டா பெட்டிஃபோர்டு பதினான்கு வருடமாக வாஷிங்டனில் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் டிப்போவில் அவளைப்போல் நிதானமான கை இன்னொருவருக்கு இல்லை. வாய் தடித்த பயணியைக்கூட ஒரு சிரிப்பில் உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எதிரே ஒரு நாய்கூட இல்லாத சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். நின்றிருந்தவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அந்த நொடியில் அவள் நெஞ்சில் என்ன உடைந்தது என்று சொல்ல வேண்டுமானால், அவள் மகளிடமிருந்து தொடங்க வேண்டும்.

கமாயாவுக்கு மூன்று வயது. காது கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், கலகலவென்று சிரிப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. பால்டிமோரில் வேலை என்று போன தகப்பன் அங்கேயே இருந்துவிட்டான். "அம்மா" என்ற ஒரு சொல்லுக்காக அந்தத் தாய் தினமும் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஊரில் மூன்று வயதிலேயே இலவசப் பள்ளி உண்டு. அரசுப் பணத்தில் தனிக் குழுக்கள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. யாரும் எந்தப் பள்ளிக்கும் கேட்கலாம். பன்னிரண்டு பெயர்கள் வரை வரிசையாக எழுதி மார்ச் முதல் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பிறகு குலுக்கல்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, தன் விடுமுறை நாளான வியாழக்கிழமைகளில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்பது பள்ளிகளை ஏறி இறங்கிப் பார்த்தாள் வெர்னெட்டா. சுவரில் ஒட்டிய வண்ணப்படங்களை அவள் பார்க்கவில்லை. டீச்சர் பிள்ளையிடம் பேசும்போது முழங்கால் மடிகிறதா என்று பார்த்தாள். அழுகிற குழந்தை மடியில் இருக்கிறதா, மூலையில் இருக்கிறதா என்று பார்த்தாள். கழிப்பறையைக் காட்டச் சொன்னாள். காட்டாத பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அங்கேயே அடித்துவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த 'சில்வர் மேப்பிள்' பள்ளியில் ஒரு டீச்சர் கமாயாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பந்து திரும்பி வந்தது. மறுபடி உருட்டினாள். ஐந்தாவது தடவை கமாயாவின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. "பா..." என்றாள்.

வெர்னெட்டா கோட்டுக் கையைக் கடித்துக்கொண்டாள். பேச்சுப் பயிற்சி தருபவர் அந்தப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வகுப்புக்குள்ளேயே வந்து உட்காருவாராம். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த 'கிரீன் லேம்ப்' பள்ளியும் சுத்தமானதுதான். ஆனால் ஒரே வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பயிற்சியாளர் ஒருவரே, அவரையும் இன்னொரு பள்ளியோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

பட்டியலில் சில்வர் மேப்பிள் முதலில் இருந்தது. ஆர்லீனா பார்க்கும் வரை.

ஆர்லீனாவும் எங்கள் டிப்போ ஓட்டுநர். இருவரும் ஒரே குளிர்காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்கள். வயிறு கொள்ளும் பெரிய சீருடைக் கோட்டு ஒன்றுதான் கிடைத்தது. அதை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவள் மகள் டெலானிக்கும் கமாயாவுக்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம். அன்று சாப்பாட்டு அறையில் எங்கள் ஊர் இனிப்புக் காரச் சாறான மம்போ சாஸ் ஊற்றிய கோழி இறக்கையைக் கடித்தபடி ஆர்லீனா வெர்னெட்டாவின் போனை எட்டிப் பார்த்தாள்.

"சில்வர் மேப்பிள மேல போட்டிருக்க? பைத்தியமாடீ உனக்கு? போன வருஷம் முன்னூறு பேரு இடமில்லாம நின்னாங்க."

"ஆசைப்பட்டத எழுதக் கூடாதா?"

"ஆசைய கீழ எழுது. கிடைக்கிறத மேல எழுது. முதல் இடத்த வீணாக்கினா ரெண்டாவது பள்ளிக்கூடம் உன்னச் சேத்துக்குமா? அவங்களுக்கு ரோஷம் இருக்காதா?"

"பள்ளிக்கூடத்துக்கு ரோஷமா? என் வீட்டுக்காரனப் பத்திப் பேசற மாதிரில்ல இருக்கு."

"உன் வீட்டுக்காரன் போனா போறான். இடம் போனா பிள்ளை கதி? நான் கிரீன் லேம்ப்பத்தான் மேல போடப் போறேன். ரெண்டும் ஒண்ணா போகட்டும்டீ."

எங்கள் டிப்போவில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். வெர்னெட்டா கட்டைவிரலால் கிரீன் லேம்ப்பை மேலே தள்ளினாள். சில்வர் மேப்பிள் இரண்டாவதாக இறங்கியது. அனுப்பினாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது: கிரீன் லேம்ப். நிம்மதியாகத்தான் இருந்தது. சில்வர் மேப்பிள் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று தேடினாள். பெயரே இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

"முதல் பேரே கிடைச்சிடுச்சேம்மா. அதுக்குக் கீழ எழுதினதெல்லாம் தானா கழண்டுடும்."

"மாத்தி எழுதியிருந்தா?"

"மேப்பிள்ல கிடைச்சா அது. கிடைக்கலன்னா கிரீன் லேம்ப்பத்தான் பாத்திருக்கும். பெரிய பள்ளிய மேல எழுதறதால எதுவும் கெடாதும்மா. பிடிச்ச வரிசைல எழுதுங்கன்னு படிவத்துலயே போட்டிருக்கோமே."

உடனே சில்வர் மேப்பிளுக்கே போன் செய்தாள். இந்த வருடம் புதிதாக ஒரு வகுப்பறை திறந்திருக்கிறார்களாம். நாற்பது இடங்கள். கேட்டவர்கள் நாற்பத்தேழே பேர். ஊரே பயந்து ஒதுங்கிவிட்டிருக்கிறது.

நாற்பத்தேழு பேரில் நாற்பது பேருக்கு! அந்தக் கணக்கைக் கேட்டு அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, தாமதமாக மனு போட்டாள். ஏழு பேருக்குப் பின்னால், எட்டாவது இடம்.

ஆர்லீனாவிடம் இதை அவள் சொல்லவில்லை. 'பாவம், அவளும் தெரியாமல்தானே சொன்னாள், கேட்டால் நொறுங்கிப் போவாள்' என்று நினைத்தாள். ஆர்லீனா சாப்பாட்டு அறைக்கு வருவதையே நிறுத்தியிருந்ததைக்கூட அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு ஓட்டுநருக்குக் காய்ச்சல். அவர் ஓட்டும் தடத்தில் வெர்னெட்டாவைப் போட்டார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் ஆர்லீனா ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் தோழியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. மார்போடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டாள். அதன்மேல் வெள்ளி நிறத்தில் மேப்பிள் இலை.

"என்னடீ அது?" என்றாள் வெர்னெட்டா, வண்டியை நகர்த்திக்கொண்டே.

"ஒண்ணுமில்ல..."

"ஆர்லீனா. என்ன அது?"

"டெலானிக்கு... சில்வர் மேப்பிள் கிடைச்சிருக்கு."

அப்போதுதான் அந்த பிரேக்.

"ஏம்மா, இது பஸ்ஸா, ராட்டினமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

வெர்னெட்டா கை பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "கிரீன் லேம்ப்பத்தான மேல போடறேன்னே?"

"போட்டிருந்தேன்டீ. சத்தியமா. கடைசி நாள் சாயங்காலம் நூலகத்துல ஒரு அம்மா சரியான முறைய சொன்னாங்க. உடனே மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஆர்லீனா ஃபைலின் மேலிருந்த இலையைக் கையால் மறைத்தாள். "போன கையில எடுத்தேன். நீ மாத்தலன்னா எனக்கு முன்னால ஒரு ஆள் குறையுமேன்னு... ஒரே ஒரு நிமிஷம் தோணிச்சு. அந்த நிமிஷத்துல போன கீழ வச்சிட்டேன்."

கமாயா பிறந்தபோது தொப்புள்கொடி வெட்டும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள்.

"சண்டைய நிறுத்த வேண்டாம்மா, வண்டிய மட்டும் எடுங்க!" என்றார் ஒரு தாத்தா. சிலர் சிரித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள்.

"எனக்கு இந்த இடம் வேண்டாம்டீ. எழுதிக் குடுத்துடறேன். கமாயா போகட்டும்," என்று அழுதாள் ஆர்லீனா.

"நீ விட்டா பட்டியல்ல முதல்ல இருக்கிற பிள்ளைக்குப் போகும். என் பொண்ணு எட்டாவது."

அதைக் கேட்டு ஆர்லீனா வாயைப் பொத்திக்கொண்டாள். தன் தியாகத்துக்குக்கூட வழியில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சில்வர் மேப்பிள் வாசலுக்கு எதிரே நிறுத்தம். வெர்னெட்டா கதவைத் திறந்தாள்.

"இறங்கு. நாலு மணிக்கு ஆபீஸ மூடிடுவாங்க."

"வெர்னெட்டா..."

"டெலானி எந்தத் தப்பும் பண்ணல. இறங்கு. என் வண்டில இனி ஏறாத."

அந்த வியாழக்கிழமை அவள் கமாயாவோடு கிரீன் லேம்ப் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடினாள்.

"என் பொண்ணு பேச மாட்டா. அதனால அவளுக்கும் சேத்து நான் பேசுவேன். அவ பேச்சச் சோதிச்சுப் பாக்கப் போற தேதி என்ன? பயிற்சியாளர் எந்தக் கிழமை, எத்தன மணிக்கு வருவாங்க? எழுதிக் குடுங்க."

"பள்ளி தொறந்தப்புறம் பாத்துக்கலாமே மேடம்," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் குவார்ல்ஸ்.

"பாத்துக்கலாம்னு சொன்னவங்கள நான் பாத்துட்டேன் சார். நான் உட்காந்திருக்கேன். நீங்க மத்தவங்களக் கவனிங்க."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். கடைசியில் தலைமையாசிரியையே வெளியே வந்தார். சோதனை ஆகஸ்டு இருபத்தெட்டு, பயிற்சி திங்களும் புதனும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகுதான் வெர்னெட்டா தன் கையெழுத்தைப் போட்டாள்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக வராத அழுகை அப்போது வந்தது. கமாயா இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். வீட்டுப் பக்கம் விரலை நீட்டினாள். அவளுக்குப் பசி.